பதில் மணி

டைட்டஸ் போன பிறகு எங்கள் வீட்டுக் கதவை யாரும் மூன்று தட்டுத் தட்டவில்லை. பால்காரர் சைக்கிள் மணியை அடிப்பார். பக்கத்து வீட்டுக் கங்கம்மா கதவைத் தொடவே மாட்டாள். "இசபெல்லாக்கா" என்று தெருவிலிருந்தே குரல் கொடுப்பாள். மற்றபடி சபையிலிருந்து வருகிறவர்கள், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், எல்லோரும் இரண்டு தட்டு, இல்லையென்றால் படபடவென்று ஐந்தாறு தட்டு.

டைட்டஸ் என் கணவர். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் நின்று கேஜுக்கு மணி கொடுப்பது அவர் வேலை. ஆட்களை மேலும் கீழும் கொண்டுபோகிற இரும்புக் கூண்டைத்தான் கேஜ் என்பார்கள். ஆட்கள் அதில் ஏறுவதற்கு முன்னால் அவர் மூன்று மணி அடிப்பார். மேலே இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் டிரைவர் அந்த மூன்றையும் திருப்பி அடிப்பார். அந்தப் பதில் மணி காதில் விழுந்த பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் எவனாவது முன்னால் காலைத் தூக்கினால், காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிடுவாராம். ஓடிக்கொண்டிருக்கும் கேஜுக்கு ஒரு மணி அடித்தால், நில் என்று அர்த்தம். அவர் பேச்சில் ஆண்டவருடைய கட்டளைகளுக்கு அடுத்தபடி இருந்தது இந்த மணிக் கணக்குதான்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்து சுரங்கத்துக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீடுகளில் எங்கள் வீட்டுத் தகரக் கதவை மூன்று தட்டுத் தட்டினார். போய்த் திறந்தேன். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"இன்னா நிக்கிறீங்க?"

"பதில் வர்லியே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கிச் சொன்ன பிறகு சிரித்துவிட்டு, "வாங்க, வாங்க, சோறு ஆறுது" என்றேன். மறுநாள் தட்டியபோது தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த கரண்டியால் தோசைக் கல்லின் ஓரத்தில் மூன்று தட்டினேன். விளையாட்டாகச் செய்ததுதான். அது அப்படியே எங்கள் குடித்தனத்தின் பழக்கமாகிவிட்டது. சண்டை போட்ட நாட்களில் பேச மாட்டேன். ஆனால் பதில் கொடுத்துவிடுவேன். ரொம்பக் கோபமென்றால் கொஞ்ச நேரம் நிற்கவைத்துக் கொடுப்பேன். வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார்.

சுரங்கம் மூடினார்கள். ஊரில் பாதிப் பேரைப் போல அவரும் காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்குப் போய், ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் காவல்காரரானார். கேஜ் போயிற்று, மணி போயிற்று. வீட்டுக் கதவில் மட்டும் மூன்று தட்டு தொடர்ந்தது.

ஒரு நாள் சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கி வந்தபோது அவருடைய சாப்பாட்டுப் பை அசைந்தது. உள்ளே ஒரு நாய்க்குட்டி. பழுப்பு நிறம், மார்பில் மட்டும் சுண்ணாம்பு தீற்றின மாதிரி வெள்ளை. அந்த அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாகக் கிடந்ததாம்.

"இன்னாத்துக்கு இது நமக்கு? ஜெனிட்டாவைப் படிக்க வைக்கவே முழி பிதுங்குது" என்றேன். எங்கள் மகள் ஜெனிட்டா அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

"டிஃபன் பையில வந்துது. டிஃபன்னே பேர் வெச்சிட்டேன்" என்றார், நான் கேட்டது வேறு கேள்வி என்பதுபோல.

டிஃபன் எங்கள் மணிக் கணக்கோடு வளர்ந்தது. சாயங்காலம் சுரங்கக் கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டுப் பக்கம் இருவரும் நடந்துவிட்டு வருவார்கள். ரோட்டைக் கடக்கும் இடத்தில் டைட்டஸ் கைத்தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் நாய் ஆணியடித்த மாதிரி நிற்கும். வீட்டு வாசலில் அவர் மூன்று தட்டுவார். அது அவர் காலடியில் உட்கார்ந்து காதைத் தூக்கிக்கொள்ளும். அடுக்களையில் கரண்டி மூன்று முறை ஒலித்த பிறகு இரண்டு பேரும் உள்ளே வருவார்கள். கதவு விரியத் திறந்திருந்தாலும் இதுதான். அவருடன் சுரங்கத்தில் வேலை செய்த சுந்தரராஜ் அண்ணன் அடுத்த லைனில் இருக்கிறார். "மைன் மூடி எத்தினி வருஷம் ஆச்சி, இன்னும் ஒரு லேபரை வேலைக்கு வெச்சிகினு கீறான் பாரு" என்று இதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார்.

டைட்டஸுக்கு நெஞ்சில் சுரங்கத்துத் தூசி. எல்லோருக்கும் தெரிந்த கதைதான், அதை எழுதப்போவதில்லை. கடைசியில் பெங்களூர் ஆஸ்பத்திரியில் பேச்சு நின்றுபோயிருந்தது. ஒரு நாள் கட்டிலின் பக்கத்துக் கம்பியில் விரலால் தட்டினார். ஒவ்வொன்றாக, மூன்று. ஏதாவது வேண்டுமா என்று நர்ஸ் குனிந்து கேட்டாள். என்ன வேண்டுமென்று எனக்குத் தெரியும். கரண்டி இல்லை. மோதிர விரலை மடக்கி அதே கம்பியில் மூன்று தட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலையில் போய்விட்டார். நான் பதில் கொடுத்ததால் போனார் என்று நான் நினைக்கவில்லை. நினைக்காமலும் இருக்க முடியவில்லை. அதற்குப் பிறகு கல்லில் கரண்டிச் சத்தம் வராமல் தோசை சுடப் பழகிக்கொண்டேன்.

ஜெனிட்டா கனடாவில் சாஸ்கடூன் என்ற ஊரில் நர்ஸாக இருந்தாள். அடக்கத்துக்கு வந்து போனவள் வாரம் தவறாமல் போனில் கூப்பிட்டாள்.

"ம்மா, நீ தனியா இருக்கிறத நெனச்சா எனக்குத் தூக்கம் வர்ல. வந்துடும்மா, ப்ளீஸ். டிஃபனை சுந்தரராஜ் மாமா பாத்துக்குவாரு."

"அது வந்தா நான் வரேன். அது வர்லன்னா நான் வர்ல."

"ம்மா, அது நாய்மா."

"ஆமா. உங்கப்பா வர்ற நேரம் எதுன்னு என்னை மாதிரியே தெரிஞ்ச நாயி."

அது உண்மை. சாயங்கால ரயில் வரும் நேரத்துக்கு அது இன்னமும் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. ரயில் கூவும். ஆட்கள் கடந்து போவார்கள். இருட்டும்போது நான் கதவைப் பிடித்துக்கொண்டு "வாடா" என்பேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரும். அதை விட்டுவிட்டுப் போனால், அந்த வாசலில் யார் அதை உள்ளே கூப்பிடுவது? கூப்பிட்டாலும் சுந்தரராஜ் அண்ணன் வீட்டுக்குள் போகுமா?

கடைசியில் ஜெனிட்டா ஒத்துக்கொண்டாள். நாய்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கிற ஒரு அலுவலகத்தைப் பெங்களூரில் பிடித்தாள். அங்கிருந்த ஷில்பா என்ற பெண் காரில் வந்து டிஃபனைப் பார்த்தாள். வெறிநாய்த் தடுப்பூசி போட்டார்கள். தோலுக்கு அடியில் அரிசி அளவு ஒரு சிப்பு வைத்தார்கள், உலகத்தில் எந்த மூலையில் தொலைந்தாலும் எண் தெரியுமாம்.

"டோக்கன் மாரி" என்றார் சுந்தரராஜ் அண்ணன். "அண்டர்கிரவுண்டு எறங்குறவனுக்கு பித்தளை டோக்கன் குடுப்பாங்க இல்ல, அந்த மாரி. அது சரி, இன்னா ஊரு சொன்ன தங்கச்சி?"

"சாஸ்கடூன்."

"இன்னா ஊர்மா அது, கார்ட்டூன் பேர் மாரி கீது! எனுக்கே பாஸ்போர்ட்டு இல்ல, இவன் போறான் பாரு."

போகும் முன் ஷில்பா ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியை நடு அறையில் வைத்தாள். முன்பக்கம் கம்பிக் கதவு. "ஆன்ட்டி, இதுலதான் அவன் டிராவல் பண்ணணும். மயக்க மருந்து குடுக்க முடியாது, ஏர்லைன்ஸ்ல ஒத்துக்க மாட்டாங்க. அவனா உள்ள போகணும், அமைதியா உக்காரணும். முரண்டு பண்ணான்னா ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. டைம் இருக்கு, பழக்குங்க."

பழக்கினேன். உள்ளே கோழிக்கால் வைத்தேன். கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டது. என் பழைய புடவையை விரித்தேன். டைட்டஸின் போர்வையை விரித்தேன். போர்வையை மோந்து பார்த்துவிட்டு வெளியே இழுத்து, அதன்மேல் படுத்துக்கொண்டது. ஜெனிட்டா போனில் எதையோ பார்த்து, பெட்டியின் மேல் லேசாகத் தட்டிக் கூப்பிட்டால் வரும் என்று சொன்னாள். "டிஃபன், கம், கம்" என்று நான் ஒரு தட்டுத் தட்டினேன். அது வைத்த காலை வைத்த இடத்தில் விட்டுச் சிலையாகிவிட்டது.

"இதுக்கு மூளை இருக்காம்மா?" என்றாள் ஜெனிட்டா வீடியோவில்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு தட்டென்றால் நிற்க வேண்டும். அதற்கு இருக்கிற மூளைதான் எங்களுக்கு இல்லை.

அப்போதுதான் மூன்று தட்டும் நினைவுக்கு வந்தது. வந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. அது என்றைக்கும் போகவில்லை. பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு விரலை மடக்கி, அவர் தட்டுகிற மாதிரி நிதானமாக மூன்று தட்டினேன். டிஃபன் எழுந்தது. பெட்டியின் வாசலுக்கு வந்து, ஒழுங்காக, பின்னங்காலை மடித்து உட்கார்ந்தது. இரண்டு காதும் நின்றன. போ, போ என்று கைகாட்டினேன். போகவில்லை. அது என்னைப் பார்க்கவே இல்லை. அடுக்களையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் நானும் அடுக்களையைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. அங்கே இருக்க வேண்டியவள் இங்கே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். தட்டுவது என் வேலையில்லை. எத்தனை வருஷமானாலும் நான் பதில் கொடுக்கிறவள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயில் முடிந்து வந்ததும் சுந்தரராஜ் அண்ணனைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்திலிருந்து கேலி இறங்கிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அவன் தட்டுறது தனி மாதிரி தங்கச்சி. நடுவுல ஒரு மூச்சு விடுவான்."

"தெரியும்ணா. நீங்களும் அப்படியே தட்டுங்க."

நான் அடுக்களைக்குப் போனேன். சுவரில் தொங்கிய தோசைக் கரண்டியை எடுத்தேன். நடு அறையில் பெட்டியைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று. மூச்சு. ஒன்று. மூச்சு. ஒன்று. அண்ணன்தான் தட்டுகிறார் என்று தெரியும். ஆனாலும் கரண்டி கல்லுக்கு மேலே அப்படியே நின்றது. பதில் கொடுத்தால் போய்விடும் என்று ஒரு நினைப்பு. ஒன்றும் சொல்லாமல் நின்றால் எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும், யாரும் எங்கும் போக மாட்டார்கள்.

நடு அறையில் அண்ணன் தொண்டையைச் செருமினார். பொறுமையிழந்து செருமியிருப்பார், வேறொன்றும் இல்லை. ஆனால் அந்தச் செருமல் எனக்குத் தெரிந்த செருமல்.

அடித்தேன். அவ்வளவு நாள் சத்தமில்லாமல் கிடந்த கல், கோயில் மணி மாதிரி ஒலித்தது.

"போயிட்டான்!" என்று அண்ணன் கத்தினார். "தங்கச்சி, உள்ள போயி உக்காந்துகினு கீறான்! கதவை சாத்தவா?"

ஓடிவந்து பார்த்தேன். டிஃபன் பெட்டிக்குள் உட்கார்ந்து வாலால் பிளாஸ்டிக்கை அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயில்" என்றார்.

ஆனால் ஏர்போர்ட்டில் அண்ணன் உள்ளே வர முடியாதே? யார் தட்டினாலும் போகப் பழக்க வேண்டும் என்று அவரே சொன்னார். சுரங்கத்திலும் எல்லா ஷிஃப்ட்டிலும் டைட்டஸா மணி அடித்தார்? அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த யாரையும் பெட்டியை மூன்று தட்டுத் தட்டாமல் போகவிடவில்லை. கங்கம்மா முதலில், "எனக்கு வெக்கமா கீதுக்கா" என்றாள். பிறகு ஒரு நாளைக்கு இரண்டு தடவை வந்தாள். பால்காரர் தட்டினார். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஃப்ளோராவும் மற்ற பெண்களும் பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையாகத் தட்டினார்கள். நான் அடுக்களையிலிருந்து பதில் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கை வலித்தது. போய்வருகிறேன் என்று வீடு வீடாகப் போய் நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. லைன் முழுக்க வந்து தட்டிவிட்டுப் போனது.

எங்களை அழைத்துப்போக ஜெனிட்டா லீவு போட்டு வந்தாள். தோசைக் கல்லை எடுத்துவைத்தபோது, "ம்மா, இது ஒண்ணே ஊர்ப்பட்ட வெயிட்டு. அங்க எல்லாச் சட்டியும் இருக்கு" என்றாள். கல்லைக் கங்கம்மாவிடம் கொடுத்தேன். கரண்டியைப் புடவைகளுக்கு நடுவில் சுருட்டிவைத்தேன்.

தேவனஹள்ளி ஏர்போர்ட்டில் சரக்கு வாங்கும் கட்டடம் தனியாக இருக்கிறது. மதிய வெயிலில் வேன் போய்ச் சேர்ந்தது. சுந்தரராஜ் அண்ணன் வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே ஒரு இரும்புக் கம்பித் தடுப்பு வரைதான் நானும் ஜெனிட்டாவும் போகலாம். ஷில்பா மட்டும் டிஃபனோடு தடுப்பைத் தாண்டிப் போனாள். பெட்டியைச் சோதிக்க வேண்டும், நாயை வெளியே எடுங்கள் என்று காவலர் கன்னடத்தில் சொன்னார். எடுத்தாள். பெட்டிக்குள் கருவியை விட்டுத் துழாவினார்கள். போர்வையை உதறினார்கள். முடிந்தது, உள்ளே விடுங்கள் என்றார்.

டிஃபன் போகவில்லை. பக்கத்தில் ஏதோ வண்டி பீப் பீப் என்று பின்னோக்கி வந்தது. எங்கோ இரும்பு விழுந்தது. ஷில்பா வாரைப் பிடித்து இழுத்தாள். காவலர் உதவிக்கு வந்து பெட்டியின்மேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டிஃபன் சிலையாகிவிட்டது. தூக்கப் போனார். உறுமியது. எங்கள் வீட்டில் டிஃபன் உறுமி நான் கேட்டதில்லை.

"இது ஆகல்லா மேடம்" என்று காவலர் கையை உதறினார். "வாப்பஸ் தகொண்டு ஹோகி."

"ம்மா, திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்றாரும்மா" என்று ஜெனிட்டா என் முழங்கையைப் பிடித்தாள். நானும் எழுபது வருஷமாகக் கன்னடம் கேட்கிறவள்தான், எனக்குப் புரிந்தது. அது வரவில்லையென்றால் நானும் வர மாட்டேன் என்று சொன்னதை அவள் மறக்கவில்லை.

"ஷில்பா! மூணு தட்டும்மா, மூணு!"

அவள் பதற்றத்தில் டகடகவென்று தட்டினாள். டிஃபனின் ஒரு காது மட்டும் திரும்பியது.

"அப்படி இல்ல. ஒவ்வொண்ணா. நடுவுல மூச்சு விடு."

ஷில்பா மூச்சு விட்டாள். தட்டினாள். மூச்சு விட்டாள். தட்டினாள். மூன்றாவது தட்டில் டிஃபன் பெட்டியின் வாசலில் உட்கார்ந்தது. தலையைத் தூக்கி அந்தப் பெரிய கட்டடம் முழுக்கத் தேடியது. அடுக்களையைத் தேடியிருக்கும்.

கரண்டி துணிப்பெட்டியில், துணிப்பெட்டி வேனில். என் முன்னால் இருந்தது அந்த இரும்புக் கம்பி மட்டும்தான். மோதிர விரலை மடக்கினேன். ஒரு கணம் அது ஆஸ்பத்திரிக் கட்டிலாகத் தெரிந்தது. அங்கே தட்டியபோது அவரை அனுப்பிவைக்கிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆனால் பதில் மணி போ என்று சொல்வதில்லை. கேட்டுவிட்டது, நான் இங்கே இருக்கிறேன், பயப்படாமல் ஏறு என்றுதான் சொல்கிறது. அவர் எனக்கு எத்தனை தரம் விளக்கியிருக்கிறார்.

மூன்று தட்டினேன்.

டிஃபன் என்னைக் கண்டுபிடித்தது. பார்த்தது. பிறகு எழுந்து, வீட்டுக்குள் வருகிற மாதிரி, நிதானமாக உள்ளே போனது. கம்பிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. காவலர் கன்னடத்தில், "இது யாவ ஸ்கூலல்லி ஓதித்தம்மா?" என்றார். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது என்று கேட்கிறார்.

"சாம்பியன் ரீப்ஸ்" என்றேன்.

இங்கே சாஸ்கடூனுக்கு வந்து சேர்ந்து முதல் பனி விழுந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். ஜெனிட்டா ஷிஃப்ட் முடிந்து வந்து, கோட்டு மாட்டிய டிஃபனை வெளியே நடத்திக்கொண்டு போயிருந்தாள். நான் அடுக்களையில் இருந்தேன். கதவு தட்டுகிற சத்தம். ஒன்று. மூச்சு. ஒன்று. மூச்சு. ஒன்று. சின்ன வயதில் இந்தப் பழக்கத்துக்காகத் தோழிகள் முன்னால் வெட்கப்பட்டவள் அவள். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவள் அப்பா தட்டுகிற மாதிரியே தட்டினாள்.

கரண்டியை எடுத்து அடுப்பிலிருந்த கறுப்புச் சட்டியில் அடித்தேன். தொப் தொப் என்று தலையணையை அடிக்கிற மாதிரி இருந்தது. வெளியே ஒரு அசைவும் இல்லை.

"ம்மா! இவன் உள்ள வர மாட்டேங்கிறான், எனக்குக் காது உறையுது! பதில் குடும்மா!"

"குடுத்தேன்டி!"

"அது அவனுக்குக் கேக்கல போல!"

வேறு சட்டியில் அடித்தேன். அதுவும் ஊமை. இந்த ஊரில் சமையல் பாத்திரங்களுக்குக் குரலே வைக்கவில்லை. அடுக்களை முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற எவர்சில்வர் தொட்டியின் ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடித்தேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

கதவு திறந்தது. முதலில் டிஃபன் வந்தது, மூக்கின்மேல் பனியோடு. அதன் பின்னால், தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜெனிட்டா.